கருங்கல் மூச்சு

செத்துப்போன ரெஜிஸை விசாரணைக்கு வரச்சொல்லி மாண்பு மன்றம் ஆள் அனுப்பியபோது, அவர் மகன் அன்செல்ம் நிலவறையில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தான். வந்தவன் மன்றத்துச் சேவகன் தொனா. போன அறுவடையில் ரெஜிஸின் சவப்பெட்டியை ஒரு முனையில் தூக்கியவனும் அவன்தான். வாசற்படியில் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அப்பா இருக்காரா?" என்று கேட்டான்.

"கல்லறையில இருக்காரு."

தொனா அதைக் கொஞ்சம் யோசித்தான். "சரி. வந்தா சொல்லு. வெள்ளிக்கிழமை காலையில."

அன்செல்ம் சிரிக்கவில்லை. அந்த வருடம் ஊமைச் சரிவில் யாரும் எதற்கும் சிரிக்கவில்லை.

ஊமைச் சரிவு, ரோன் ஆற்றுக்கு மேலே ஏணி சாய்த்த மாதிரி நிற்கிற மலை. முழுக்கக் கருங்கல். கல் இடுக்கில் திராட்சைக் கொடி. எதிரே நின்று கூப்பிட்டால் மற்ற மலைகளைப்போல அது திருப்பிக் கூப்பிடாது, வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். மழை பெய்தால் மண் கீழே இறங்கிவிடும். இறங்கின மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து, மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். கடவுள் இறக்குகிறார், மனுசன் ஏற்றுகிறான், இதில் யார் யாருக்கு வேலைக்காரன் என்று ரெஜிஸ் கேட்பார். அவர்கள் குடும்பம் அந்த மண்ணை ஏற்ற ஆரம்பித்தபோது பிரான்சில் ராஜா இருந்தார். ராஜாவின் தலை போய்விட்டது. மண் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த மலையில் விளையும் சிவப்பு ஒயின் மலையின் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது மாண்பு மன்றம். ஐந்து சுவைஞர்கள் சிவப்பு அங்கியில் உட்காருவார்கள். ஆறாவது நாற்காலி காலி. அது மன்றத்தை ஆரம்பித்த யாசேந்த் பிரபுவுடையது. அவர் செத்து மூன்று தலைமுறை ஆகிறது. ஆனாலும் அவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றி, அபிப்பிராயம் கேட்டு, மரியாதைக்குச் சற்றுப் பொறுத்துத்தான் மேலே போவார்கள். அவர் போட்டிருந்த கம்பளி அங்கி, கிளாஸ் அடுக்குகிற ஓக் அலமாரிக்குள்ளேயே தொங்கும். கிளாஸ்கள் அதன் அடியில் தலைகுப்புறக் கவிழ்ந்திருக்கும், பிரபுவின் காலில் விழுந்து கிடக்கிற மாதிரி. அந்தக் கிளாஸில் சுவைஞர்களும் பாரிஸிலிருந்து வருகிற பெரிய மனிதர்களும் மட்டும்தான் வாய் வைக்கலாம். விளைவித்தவன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைகட்டி உட்கார்ந்திருக்கவேண்டும்.

சுவைஞர்கள் தேடுவது ஒன்றே ஒன்றை. கருங்கல் மூச்சு. அது எப்படி இருக்கும் என்று பிரபு சொல்லிவைத்த வாசகம் மன்றத்துச் சுவரில் பொன்னெழுத்தில் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒப்பிக்கும்: பூட்டிய அறையின் இருட்டு, நனைந்து உலர்ந்த கம்பளி, முன்னோர் விட்ட புகை, தூரத்தில், குளிர்ந்து, வெள்ளையாக ஒன்று. பாரிஸ்காரர்கள் அதை முகர்ந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ரெஜிஸ் அதை முகர்ந்ததே இல்லை.

இதை அவர் மகனிடம் சொன்னது போன அறுவடையில், தொட்டிக்குள் தொடை வரைக்கும் திராட்சைச் சக்கையில் நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது. பீப்பாயில், ருசிபார்க்கும் தட்டில், தன் வீட்டுக் கிளாஸில், எங்கே மூக்கை வைத்தாலும் பழம் வரும், மிளகு வரும், ஊதாப்பூ வரும். அந்த மூச்சு மட்டும் வராது.

"எங்கப்பனுக்கு வந்துச்சு, அவங்கப்பனுக்கு வந்துச்சு. எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சு போலருக்கு. வெளியில சொல்லிடாதடா. கழுதைக்கு என்ன தெரியும் கற்பூர வாசனைன்னு ஊரே சிரிக்கும்."

தனக்கும் வந்ததில்லை என்று அன்செல்ம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். மறுநாள் மண்கூடையோடு மேலே போன ரெஜிஸ், மண்ணைத் தாங்குகிற கல்கட்டில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. கூடையை முதுகிலிருந்து கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அப்பா மிதித்துவிட்டுப் போனதை மகன் பிழிந்து பீப்பாயில் ஏற்றினான். அந்த ஒயின்தான் ரெஜிஸ் இந்த உலகத்தில் விட்டுப்போன கால்தடம். அதன்மேல் மலையின் பெயர் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அன்செல்முக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

பீப்பாயின் அடைப்பைத் திறக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாரோ மூக்கால் இழுத்து மோந்து பார்க்கிற சத்தம். நீளமாக ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு, சந்தேகத்தோடு, இன்னொன்று. திரும்பினால் யாரும் இல்லை. முதலில் உடம்பு சிலிர்த்தது. பிறகு பழகிவிட்டது. அடைப்பைத் திறந்ததும் சற்று ஒதுங்கி இடம் விட ஆரம்பித்தான்.

வசந்தத்தில் முதல் சோதனை. மன்றத்தின் நூற்றாண்டு விழா இலையுதிர் காலத்தில் வருகிறது என்பதால் கூடத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அலமாரியைக் காலி செய்து துடைத்து, கிளாஸ்களைச் சோடா உப்பில் கழுவி மினுக்கியிருந்தார்கள். விழாவுக்கு ஊர்வலம் போகவேண்டிய பிரபுவின் அங்கி டவுனுக்குச் சலவைக்குப் போயிருந்தது. எல்லாம் தலைவர் எவரார் நேரடியாக மேற்பார்வை பார்த்தது.

புட்டிகள் துணி உறை போட்டு எண் கட்டி வந்தன. முகர்ந்தார்கள். கிளாஸைச் சுழற்றினார்கள். மறுபடி முகர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாளியில் துப்பினார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள்.

எவரார் நல்ல மனிதர். கெட்ட செய்தியைக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தெரிந்தவர். "உன் ஒயின்ல ஒரு குறையும் இல்லப்பா. அதுதான் குறை. பழம் இருக்கு, மிளகு இருக்கு, பூ இருக்கு, உயிர் இருக்கு. இவ்வளவும் இருக்கே, செத்தவங்க எங்க? நாங்க காப்பாத்துறது பாரம்பரியத்த. பாரம்பரியம்னா அது மூச்சு விடக்கூடாது, மூச்சு மட்டும் இருக்கணும். புரியுதா?"

அன்செல்ம் புரிகிறது என்றான்.

மூன்று முறை மறுத்தால் பெயர் போய்விடும் என்று எவரார் நினைவுபடுத்தினார். சமவெளியிலிருந்து டேங்கர் லாரி வரும். அப்பாவின் ஒயின் குழாயில் ஏறி, ஊர்பேர் தெரியாத மற்ற ஒயின்களோடு கலந்து போகும். "இந்த வருஷம் மறுத்தது உன்னுது ஒண்ணுதான். வெளியில சொன்னா உனக்கு மட்டுமில்ல, மலைக்கே அவமானம்."

அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மன்றத்திலிருந்து மூச்சுப் பரிசோதகர் வந்தார். டாக்டர்கள் வைத்திருக்கிற குழாயைக் காதில் மாட்டி, கல்கட்டில் வைத்து, கல்லை இருமச்சொன்ன மாதிரிக் காத்திருந்தார். மலை மனம் புண்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார். பிறகு கட்டளைகள். தோட்டத்தில் சீட்டி அடிக்கக்கூடாது. பூண்டு சேர்த்த தொத்திறைச்சி சாப்பிடக்கூடாது. மண் சுமக்கும்போது முகத்தில் துக்கம் தெரியவேண்டும். கறுப்புத் துணி உடுத்தவேண்டும். அப்பாவின் படத்தை நிலவறையில் பீப்பாயைப் பார்த்து மாட்டவேண்டும், ஆனால் பீப்பாய் படத்தைப் பார்க்கக்கூடாது. கடைசிக் கட்டளையை நிறைவேற்ற அன்செல்ம் பீப்பாய்க்கு ஒரு கோணி போர்த்தினான்.

கறுப்புச் சட்டையில் மண் சுமந்து மேலே போனவன், பக்கத்துத் தோட்டத்து ஸொலான்ஜும் கறுப்பில் குனிந்து களை பிடுங்குவதைப் பார்த்தான். அதற்கு மேலே கிழட்டு ஃபிர்மானும் கறுப்பு. மலை முழுக்க, கல்கட்டுக்குக் கல்கட்டு, காக்கை உட்கார்ந்த மாதிரிக் கறுப்பு. யாரும் பேசவில்லை, பாடவில்லை. கூடை முதுகில் உரசுகிற சத்தம் மட்டும். அப்பாவுக்கு ஊர் இவ்வளவு துக்கம் காக்கிறதே என்று அன்செல்ம் கூடையை இறக்கிவைத்தான். ஸொலான்ஜ் நாக்கில் முள் உள்ளவள், ரெஜிஸோடு வரப்புக்காக வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவள். அவளிடம் போய் நன்றி சொன்னான்.

"எதுக்கு?" என்றாள்.

"கறுப்புக்கு."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கப்பனுக்கா? அவருக்கு நான் மஞ்சள் கட்டியிருப்பேன்," என்று சொல்லிவிட்டு அவசரமாக முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டு களையைப் பிடுங்கினாள்.

கோடை ஆரம்பத்தில் இரண்டாவது சோதனை. அதே கிளாஸ், அதே வாளி, அதே சாத்திய கதவு. இந்த முறை எவராரின் கை ஈரமாக இருந்தது. அவர் தூங்கி வெகுநாள் ஆன மாதிரி இருந்தார். மறுப்பு என்றார். மன்றத்துக்கு இப்போது வேறொரு சந்தேகம் என்றார். அறுவடை நடுவே போன ரெஜிஸ் மூச்சையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அது மலையின் பொதுச்சொத்து. விசாரிக்கவேண்டும்.

அப்படித்தான் தொனா வாசலுக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை கூடம் நிறைந்திருந்தது. எல்லோரும் கறுப்பில். விசாரணைக்கு வரவேண்டியவருக்குக் கயிற்றுக்கு உள்ளே ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். தொனா வாசலுக்குப் போய் மலையைப் பார்த்து நின்று, "ரெஜிஸ்!" என்று கூப்பிட்டான். காத்திருந்தான். மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது முறை அவன் குரல் உடைந்தது, எத்தனையோ வருடம் அவரோடு பெத்தாங்க் குண்டு உருட்டி விளையாடியவன். மலை வழக்கம்போல வாங்கி வைத்துக்கொண்டது.

செத்தவரை எப்படி வரச்சொல்கிறீர்கள் என்று அன்செல்ம் மெதுவாகக் கேட்டான்.

எவரார் எழுந்தார். "செத்துட்டா மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு எந்த விதியும் இல்ல. இந்த மன்றம் செத்தவங்களாலதான் நடக்குது. உயிரோட இருக்கறவங்க வெறும் கிளாஸ் கழுவுறவங்க." பிறகு காலி நாற்காலியின் பக்கம் குனிந்தார். "பிரபுவே, அந்தப் பக்கம் ரெஜிஸப் பாத்தீங்களா?"

கூடமே நாற்காலியைப் பார்த்தது. ஒரு ஈ அதன் முதுகில் உட்கார்ந்து கையைத் தேய்த்தது. பிரபு மறுக்கவில்லை என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

அப்போது அன்செல்முக்கு அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, சந்தேகத்தோடு இன்னொன்று. ஆனால் முதுகுக்குப் பின்னால் இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம், முக்காலி போட்டிருந்த இடத்திலிருந்து. அப்பா ஆயுசில் ஒரு முறையும் தாண்டாத கயிறு. ஆள் வந்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. வரவில்லை என்று மன்றம் தீர்மானம் போட்டது. ரெஜிஸுக்குக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. மூன்றாவது சோதனை அக்டோபரில்.

கூட்டம் கலையும்போது எவரார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். டவுனுக்கு வண்டி போகுமா என்று கேட்டார். குளிர்காலத்தில் கொடுத்த பிரபுவின் அங்கி இன்னும் வரவில்லை, விழா நெருங்குகிறது, போகிற வழியில் எடுத்து வந்தால் மன்றம் மறக்காது.

சலவைக்கடை மதாம் லூர்து போர்த்துகல்காரி, கைகள் முழங்கை வரை சிவந்தவள். அங்கியை மேசைமேல் வைக்காமல் கொம்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எடுத்துட்டுப் போப்பா. எத்தன தடவ போட்டாலும் தண்ணி கறுப்பாத்தான் வருது, நாத்தம் மட்டும் போகமாட்டேங்குது. இதுக்குள்ள யாரு செத்தது?"

"யாரும் இல்ல. எங்க மன்றத்த ஆரம்பிச்சவரோடது."

"அப்ப அவரு இன்னும் எறங்கல," என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

வண்டியில் முன் இருக்கையில் அங்கியை உட்காரவைத்து, சாயாமல் இருக்கப் பட்டையை மாட்டினான். ஆற்றோரம் பாதி வழியில் வண்டிக்குள் வெயில் ஏறியது. அங்கி சூடானது. அன்செல்ம் வண்டியை ஓரம் கட்டினான்.

பூட்டிய அறையின் இருட்டு.

குனிந்து உள்துணியில் மூக்கை வைத்தான். நனைந்து உலர்ந்த கம்பளி. காலரில் பழைய சுருட்டு: முன்னோர் விட்ட புகை. சின்ன வயதில் ஒப்பித்த வாசகம் ஜெபம் மாதிரி வரிசையாக வந்தது. தூரத்தில், குளிர்ந்து, வெள்ளையாக ஒன்று. கையைப் பைக்குள் விட்டான். மூலையில், கிழிந்த தையலுக்கு அடியில், சலவைக்கும் தப்பித்துச் சுண்டைக்காய் அளவுக்குத் தேய்ந்த பாச்சை உருண்டைகள். ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

கருங்கல் மூச்சை அவன் வாழ்க்கையில் முதல் முறையாக முகர்ந்தான்.

உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த அலமாரி. அங்கியின் அடியில் கவிழ்ந்து கிடந்த கிளாஸ்கள். தலைமுறை தலைமுறையாக அதில் ஊற்றி ஊற்றி, இது மலை, இது மலை என்று சொன்னவர்கள். வீட்டில் வந்து பீப்பாயில் மூக்கை நுழைத்து, எனக்கு மட்டும் வரவில்லையே என்று குறுகினவர்கள். பக்கத்து இருக்கையில் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. பிறகு தும்மியது.

அங்கியைக் கொடுத்தபோது எவராரிடம், "ஐயா, இதுல அந்த வாசன..." என்று ஆரம்பித்தான்.

எவரார் அங்கியை வாங்கிய கையோடு நின்றார். சவத்தை முதலில் பார்த்தவன் முகம் அவருக்கு வந்தது. "நான் கேக்காததுக்கு நீ பதில் சொல்லாத," என்றார். குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. தன் கையாலேயே அதை அலமாரிக்குள் மாட்டி, கிளாஸ்களை அடியில் கவிழ்த்து, கதவைச் சாத்திச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். மலைக்குச் சற்று ஓய்வு தேவை, அதுவரை அலமாரியை யாரும் திறக்கக்கூடாது என்று மறுநாள் அறிவிப்பு வந்தது.

புது அறுவடை முடிந்தது. அக்டோபரும் வந்தது. அலமாரியைத் திறந்தார்கள். முதல் கிளாஸை முகர்ந்த சுவைஞர் மேசையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாமவர் சிலுவை போட்டுக்கொண்டார். உறைகளைக் கழற்றிப் பெயர்களைச் சரிபார்த்தார்கள். அன்செல்மின் ஒயினை எவரார் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "வந்துட்டாரு," என்றார். "ரெஜிஸ் மன்றத்துக்கு வந்துட்டாரு."

பிறகு பேசினார். மலை மனம் திருந்திவிட்டது. மன்றத்தின் பொறுமைதான் மலையைத் திருத்தியது. இனி எந்த மலையும் மன்றத்தை மீறத் துணியாது. முன்பு மறுக்கப்பட்டவர்கள் மட்டும் எழுந்து நிற்கலாம், அவர்கள் பெயர் திருப்பித் தரப்படுகிறது என்றார்.

அன்செல்ம் கூச்சத்தோடு எழுந்தான். பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. ஸொலான்ஜ். பின்னால் ஃபிர்மான். வரிசை வரிசையாகக் கூடம் முழுக்க எழுந்து நின்றது. ஒருவர் கறுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் சுவைஞர்களும், தங்கள் தோட்டமும் அதே மலையில்தான் என்பதால், ஒவ்வொருவராக எழுந்தார்கள். எவரார் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் அங்கி மடிப்பைச் சரிசெய்வதுபோல மெதுவாக எழுந்தார். காலி நாற்காலி ஒன்றுதான் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகும், விழா ஊர்வலத்தில் அங்கி போனபோதும், யாரும் எதுவும் பேசவில்லை. பெயர் கிடைத்துவிட்டது. கிடைத்த பெயரை யார் கிளறுவார்கள்?

சகல புனிதர் நாள் வந்தது. செவ்வந்திப் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரே கல்லறைக்குப் போகிற நாள். மூடுபனி ஆற்றிலிருந்து ஏறிக் கல்லறைச் சுவரில் முட்டி நின்றது. அன்செல்ம் அப்பாவின் கல்லைத் துடைத்தான். மலையின் பெயர் ஒட்டிய அப்பாவின் ஒயின் புட்டியை எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையற்கட்டுக் கிளாஸில் ஊற்றி முகர்ந்தான். பழம். மிளகு. ஊதாப்பூ. அவ்வளவுதான். மீதியைக் கல்லின் ஓரத்தில் ஊற்றிவிட்டு, முழங்காலில் குனிந்து, பனியில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்னான்.

"அப்பா, உன் மூக்குல ஒண்ணும் இல்லப்பா. அது அந்த அங்கி. பையில பாச்சை உருண்டை. எனக்கும் வந்ததில்லப்பா, ஒரு நாளும். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

மூடுபனியில் சத்தம் கூடுதலாகத்தான் போகும். அடுத்த கல்லைக் கழுவிக்கொண்டிருந்த ஸொலான்ஜின் தூரிகை நின்றது. அவளுக்கு அந்தப் பக்கம் ஃபிர்மான் நிமிர்ந்தார். பாதையில் தொட்டி தூக்கி வந்தவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்ன என்று கேட்கவில்லை.

ஸொலான்ஜ் தூரிகையை வாளியில் போட்டாள். தன் அம்மாவின் கல் பக்கம் திரும்பி, காதுக்குள் சொல்கிற மாதிரிக் குனிந்தாள். "அம்மா, அது அங்கியாம்," என்றாள். ஃபிர்மான் தொப்பியைக் கழற்றினார். அவர் அப்பாவுக்குக் காது கேட்காது, அதனால் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. பிறகு அது வரிசை வரிசையாகப் போனது. ஒவ்வொரு கல்லிலும் ஒரு கறுப்பு முதுகு வளைந்தது, முணுமுணுப்பு எழுந்தது, நிமிர்ந்தது. மண்ணுக்கு அடியில் வெட்கப்பட்டுக் கிடந்தவர்களுக்குச் செய்தி சொல்லி முடிக்க நண்பகல் ஆகிவிட்டது.

யாசேந்த் பிரபுவின் பளிங்கு மண்டபத்துக்கு மன்றத்தின் சார்பில் மாலை வைக்க வந்த எவரார் வாயிலிலேயே நின்றுவிட்டார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. மாலையைக் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வருகிற வழியில், மூலையில் இருந்த அவருடைய அப்பாவின் கல்லுக்கு முன்னால் நின்றார். அந்தக் கிழவரும் தலைவராக இருந்து செத்தவர். கொஞ்சநேரம் கையைப் பிசைந்தார். பிறகு, சிவப்பு அங்கி ஈரத்தில் புரள, முழங்கால் போட்டுக் குனிந்தார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் ஒருவர் குனிந்திருக்கும்போது மற்றவர்கள் பார்க்கமாட்டார்கள்.

அடுத்த வருடமும் அங்கி அலமாரியில்தான் தொங்கும், கிளாஸ்கள் அதன் அடியில்தான் கவிழ்ந்திருக்கும், பாரிஸ்காரர்கள் கண்ணைத் துடைப்பார்கள். அது அன்செல்முக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து நிலவறைக்கு இறங்கினான். கோணியை எடுத்தான். பீப்பாயின் அடைப்பைத் திறந்துவிட்டு, வழக்கம்போலச் சற்று ஒதுங்கி இடம் விட்டு நின்றான்.

எந்தச் சத்தமும் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்த்தான்.